சம்பந்தி தொடாத சிப்பி

பாக் சுஹெர்மான் தட்டைத் தொடவே இல்லை.

பெண் கேட்டு வந்த இடத்தில் மூத்த விருந்தாளி முதலில் வாய் வைத்தால்தான் மற்றவர்கள் கை நனைக்க முடியும். பாயில் உட்கார்ந்திருந்த இருபது பேரும் அவர் கையையே பார்த்தார்கள். பூண்டும் மிளகாயும் போட்டு வேகவைத்த பச்சை ஓட்டுச் சிப்பியின் மணம் ஆளைத் தூக்கியது.

மாப்பிள்ளை ஹெர்லான் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தான். சிப்பி என்றால் உயிரை விடுகிற அப்பாவுக்கு இன்று என்ன வந்தது?

"சாப்பிடுங்க பாக் சுஹெர்மான்," என்றார் பெண்ணின் அப்பா தர்கிம்.

"இது... உங்க சிப்பிங்களா?"

"முப்பது வருஷமா ஆத்து முகத்துவாரத்துல மூங்கில் நட்டுச் சிப்பி வளர்க்கறதுதானே நம்ம பொழப்பு!"

"எனக்கு வயிறு கொஞ்சம் சரியில்ல..."

"வர்ற வழியில சுட்ட கறி சாத்தே ரெண்டு தட்டு உள்ள போச்சே?" ஹெர்லானின் அம்மா இபு யாயா போட்டு உடைத்தாள்.

பெண்ணின் அத்தை முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டாள். "பட்டறை முதலாளியாச்சே! மீன்காரன் வீட்டுச் சாப்பாடு தொண்டையில எறங்குமா?"

கதவோரம் நின்ற மணப்பெண் விந்திக்குக் கண் கலங்கிவிட்டது. தர்கிம் முகம் சுண்டிப்போனது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கல்யாணமே நின்றுவிடும்.

"அப்பா, எனக்காக. ஒண்ணே ஒண்ணு," ஹெர்லான் காதோரம் கெஞ்சினான்.

சுஹெர்மான் ஒரு சிப்பியை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர், கீழே வைத்துவிட்டார்.

"மன்னிச்சுக்குங்க. திமிர் இல்ல, பயம். என் பட்டறையில பைக் பாகத்துக்கு முலாம் பூசறோம். கழிவுத் தண்ணியை அப்படியே ஆத்துல தெறந்து விட்டுடறேன். குரோமியம், நிக்கல், ஈயம், அத்தனையும் நேரா உங்க முகத்துவாரத்துக்குத்தான் வருது. சிப்பி அதைக் குடிச்சுக் குடிச்சு சதையில சேத்து வச்சுக்கும். வேகவச்சாலும் போகாது. தெரிஞ்சே எப்படிங்க திங்கறது?"

அத்தை சண்டைக்கு இடுப்புச் சரோங்கை வரிந்து கட்டினாள்.

தர்கிம் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அட, இவ்வளவுதானா! தைரியமாச் சாப்பிடுங்க சம்பந்தி. இது கடலுக்கு அந்தப் பக்கம் லாம்புங்ல இருந்து ஆள் அனுப்பி வரவழைச்சது. நம்ம மூங்கில்ல விளையறதை வீட்டு அடுப்புல ஏத்தி ஆறு வருஷமாச்சு. அதெல்லாம் சந்தைக்கு மட்டும்தான்!"

சுஹெர்மானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டார். தர்கிமும் பக்கத்திலேயே உட்கார்ந்து வெளுத்து வாங்கினார்.

"அப்போ சந்தையில வாங்கித் திங்கறவங்க?" இபு யாயா கேட்டாள்.

தர்கிம் சம்பந்தியின் தட்டில் இன்னும் நாலு சிப்பியை அள்ளி வைத்தார்.

"நாள் குறிச்சிடலாம்," என்றாள் அவள். "பொண்ணு பிள்ளை பொருத்தம் இருக்கட்டும். சம்பந்திங்களுக்குள்ள இப்படியொரு பொருத்தம் எங்க தேடினாலும் அமையாது!"