சீட், கண்ணாடி, சாவி

கிளட்சை முழுதாக மிதிக்க, அவன் ஒவ்வொரு முறையும் இருக்கையின் நுனிக்கு நகர வேண்டியிருந்தது.

இடப்பக்கம் கடல். வலப்பக்கம் மணல்மேடு. நடுவில், யாரோ போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி சாலை. காவல் நிலையத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்து எதிரே வந்தது ஒரு மீன் லாரி மட்டும்தான்.

கார் அவன் மனைவியுடையது. அவளை அடக்கம் செய்து ஒரு மாதம் ஆன பிறகு, இன்று காலையில்தான் ஒப்படைத்தார்கள்.

பாறைகளுக்குப் பக்கத்தில் பூட்டி நின்றதாம். சாவி அவள் கைப்பையில் இருந்தது. கைப்பை பாறைமேல் இருந்தது. அவள் பிறகுதான் கரை ஒதுங்கினாள்.

"தனியாத்தான் வந்திருக்காங்க சார். மனசுல என்ன இருந்துச்சோ," என்றார் ஏட்டு.

அது தெரியாமல்தான் அவனுக்கு ஒரு மாதமாகச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. முந்தின நாள்கூடச் சிரித்துக்கொண்டிருந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் இவ்வளவு தூரம் ஏன் வந்தாள்? அவள் வந்த சாலை ஏதாவது சொல்லும் என்று நினைத்துத்தான் அதே வழியில் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தான்.

சாலை வாயைத் திறக்கவில்லை.

உள்கண்ணாடியில் கூரைத் துணிதான் தெரிந்தது. சரிசெய்யக் கை போனது. இழுத்துக்கொண்டான். அவள் கடைசியாக வைத்தபடியே இருக்கட்டும். இருக்கையையும் அதனால்தான் தொடவில்லை.

இன்னும் கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது.

அவன் குட்டை. அவள் அவனைவிடக் குட்டை. முதுகுக்குத் தலையணை வைத்து, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடிக்காத குறையாகத்தான் ஓட்டுவாள். அந்தச் சின்னத் தலையணை இப்போது பின்சீட்டில் கிடந்தது.

போலீஸ்காரர்கள் இருக்கையைப் பின்னுக்கு நகர்த்தியிருப்பார்கள். ஆனால் ஏட்டு சாவியைக் கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்: "யாரும் உள்ள உட்காரல சார். பூட்டினது பூட்டினபடி தூக்கி லாரில ஏத்திக் கொண்டுவந்தோம்."

கடற்காற்று கதவிடுக்கில் ஊளையிட்டது.

அலைபேசி அடித்தது. அண்ணன்.

"இவ்வளவு தூரம் நீ ஒண்டியா ஓட்ட வேண்டாம்டா. கலங்கரை விளக்கத் திருப்பத்துல பஸ்ஸை விட்டு இறங்கி நிக்கிறேன். வா."

அண்ணன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். அவளுக்கும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ஏறி உட்கார்ந்ததும் முதலில் சீட், அப்புறம் கண்ணாடி, அதற்கப்புறம்தான் சாவி. அடுத்தவர் வண்டியை வாசலில் அரையடி நகர்த்தினாலும் இந்த வரிசை தவறாது. "உங்க அண்ணன் படுக்கப் போனாலும் கண்ணாடியைச் சரிபண்ணிட்டுத்தான் படுப்பாரு," என்று அவள் கேலி செய்வாள்.

இந்தக் காரை வாங்கிய நாளில் அவர் சுற்றிவந்து பார்த்தார். "இந்தப் பொம்மைல ஏறணும்னா என் காலைக் கழட்டி டிக்கில வெக்கணும்," என்று சிரித்தார். அதன்பிறகு ஏறியதே இல்லை.

திருப்பத்தில் பனைமரம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. அவன் தோளை அழுத்தினார்.

"நீ அந்தப் பக்கம் போ, தம்பி. நான் ஓட்டுறேன்."

அவன் மாறி உட்கார்ந்தான். இப்போது கடல் அவன் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

அண்ணன் ஏறினார். நெட்டைக் கால்கள் நேராகப் போய்ப் பெடல்களில் பொருந்தின.

கை இருக்கைக்கு அடியில் போகவில்லை.

கண்ணாடிக்கும் போகவில்லை.

சாவிக்குப் போனது.

வண்டி பாறைகளின் ஓரமாக மேலே ஏறத் தொடங்கியது. அவன் பெல்ட்டைக் கையில் பிடித்தபடி இருந்தான். மாட்டவில்லை.

அண்ணன் ஒருமுறை கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் யாரும் வரவில்லை என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருக்கும்.