மரியசெல்வத்தின் மழை

எங்கே மழை பெய்தாலும் அதன் தண்ணீர் எந்த ஊரிலிருந்து ஆவியாகி மேலே போனது என்று போனில் தெரிந்துவிடும் காலம் அது. விளாத்திகுளத்துப் பருத்தி விவசாயி காளீஸ்வரி, தன் காட்டில் மூன்று வருடமாகப் பெய்யும் கோடைமழைக்கு அப்படித்தான் முகவரி கண்டுபிடித்து, சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு பஸ் ஏறினாள்.

அன்று அங்கே கிராமசபை. லாரி ஓட்டுநர் மரியசெல்வம் புறம்போக்கில் இருபது வருடமாக வளர்த்த தோப்பை வெட்டிவிட்டுக் கிடங்கு கட்டலாமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை மரம் வச்சாரு. நமக்கு ஒரு மழையாவது கூடுதலாப் பெஞ்சிருக்கா?" என்றார் தலைவர். மரியசெல்வம் தலைகுனிந்து நின்றார்.

காளீஸ்வரி எழுந்தாள். "நான் விளாத்திகுளத்துல இருந்து வாறேன். அண்ணாச்சி மரம் விடுற ஈரந்தான் எங்க ஊர்ல மழையா இறங்குது. அதால கோடையிலயும் பருத்தி போடுறோம். அந்த ஈரம் சும்மா வரல, உங்க ஊர்ச் சூட்டையும் சேத்துத் தூக்கிட்டுத்தான் வருது. தோப்போரம் குடியிருக்கவங்களக் கேளுங்க."

கைக்குழந்தையோடு இருந்த பவுன்ராணி கை தூக்கினாள். "சித்திரை வெயில்ல நிறைமாசம். மத்தியானமெல்லாம் அந்தத் தோப்புலதான் கிடந்தேன். இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் இல்ல."

ஒவ்வொரு கையாக உயர்ந்தது. தோப்பு பிழைத்தது.

வெளியே வந்ததும் மரியசெல்வம் கூச்சத்தோடு கேட்டார். "அங்க நல்லாப் பெய்யுதாம்மா?"

"வந்து நனைஞ்சு பாருங்க, அண்ணாச்சி."

அடுத்த வாரமே போனார். பருத்திக் காட்டு நடுவே, காளீஸ்வரி நீட்டிய குடையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும்வரை நின்றார்.