கடைசிச் சொல்

கைபேசி விளையாட்டு ஒன்றுக்குள் ஒரு வீரன் இருந்தான். தோற்றுத் தோற்று அலுத்துப்போய், ஒரு மாய வாளோடு ஒப்பந்தம் போட்டிருந்தான். எல்லாச் சண்டையையும் வாள் ஜெயித்துக் கொடுக்கும். ஒவ்வொரு வெற்றிக்கும் கூலியாக அவன் நாக்கிலிருந்து நூறு சொற்களைத் தின்றுவிடும்.

பத்தாவது கோட்டைக்கு வந்தபோது தன் பெயரைக்கூட அவனால் சொல்ல முடியவில்லை. மிச்சம் இருந்தது “வா” மட்டும்தான்.

வாசலில் நெருப்பு கக்கும் டிராகன் எழுந்து நின்றது.

“அந்த ஒன்றையும் கொடு, இதையும் முடித்துவிடுகிறேன்” என்றது வாள்.

டிராகனின் கழுத்தெல்லாம் பழைய வெட்டுக்காயங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் செத்து, அடுத்த ஆட்டத்தில் மறுபடி எழுந்த கழுத்து அது. வீரன் வெகுநேரம் அதையே பார்த்தான். பிறகு வாளைக் கீழே போட்டுவிட்டு, பக்கத்துப் பாறையைத் தட்டிக் காட்டி, “வா” என்றான்.

“என்னையா?” டிராகன் திகைத்தது. “இத்தனை ஆட்டத்தில் என்னை யாருமே கூப்பிட்டதில்லையே!” மெல்ல வந்து உட்கார்ந்தது.

“சண்டை போடுங்களேன்! சண்டையே இல்லாமல் நான் எப்படிக் கூலி கேட்பது?” என்று கத்தியது வாள். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

“என் பெயர் தும்பி” என்றது டிராகன். “எங்கே, சொல்லு பார்க்கலாம்.”

வீரன் திக்கினான். உதட்டைக் கூட்டினான். “தும்பி” என்றான்.

இப்போது அவனிடம் இரண்டு சொற்கள் இருந்தன.