டெல்மர் ஆசைப்பட்ட உயரம்

“வண்டியை ஆறு இன்ச் தூக்கிடு, ஹீபர். அதுல கால் இன்ச்கூடக் குறையக் கூடாது.”

அம்மா சொன்னதைக் கேட்டதும் லானெட்டுக்குக் கோபம் தலைக்கேறியது. டயர் கடை என்றும் பாராமல் கத்தினாள். “உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாம்மா? அப்பாவை வண்டி எடுக்க விடாம பண்ண நான் நாயா அலையறேன். நீ அதே வண்டிக்கு அலங்காரம் பண்ணிக்கிட்டு நிக்கறே!”

அவள் கத்தியதில் நியாயம் இருந்தது. இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா டெல்மரின் வலது கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. போன வாரம் தன் பிக்கப் டிரக்கைப் பின்னால் எடுத்தவர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டார். லானெட்டின் மகள் ஹாட்டியின் சைக்கிள் அப்பளமாக நொறுங்கியது. தண்ணீர் குடிக்கக் குழந்தை அப்போதுதான் வீட்டுக்குள் போயிருந்தாள்.

அதற்கும் கிழவர் அசைந்து கொடுக்கவில்லை. சாவியை ஒளித்து வைத்தால் வேறு சாவி செய்துகொண்டார். பேட்டரியைக் கழற்றினால் புதிதாக வாங்கி மாட்டினார். “லைசென்ஸ் இருக்கு, கண்ணு தெரியுது, எவன் தடுக்கறான் பாக்கறேன்” என்று வீடு அதிரக் கத்தினார்.

“நாளைக்கு அவருக்கு எண்பது” என்றாள் வெர்லீன், மகளைத் திரும்பியும் பார்க்காமல். “வண்டியை உசத்தணும்னு நாப்பது வருஷமா கேக்கறார். நான்தான் தண்டச் செலவுன்னு தட்டிக் கழிச்சேன். இந்தத் தடவை செஞ்சு குடுத்துடறேன்.”

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட கடைக்காரன் ஹீபர் மெல்ல வாயைத் திறந்தான். “வெர்லீன்மா, நம்ம ஊரு பனிக்கும் சேத்துக்கும் ரெண்டு இன்ச்சே தாராளம். முன்பக்கம் மட்டும் ஸ்பேசர்னு ஒரு கட்டை வச்சு உசத்தித் தர்றேன். செலவும் கம்மி.”

“ரெண்டு இன்ச்சை வச்சு நாக்கு வழிக்கவா? ஆறு போடு. உசத்தற சாமான் இருக்கறதுலயே மலிவான செட்டா பாத்துப் போடு.”

“மலிவானதுன்னா தூக்கித் தூக்கிப் போடும்மா. முதுகு விட்டுப் போயிடும்.”

“போடட்டும்.”

“இவ்வளவு உசத்தினா பெரிய டயர் வேணும். புதுசா வாங்கினா எக்கச்சக்கமா ஆகும். ஒருத்தர் கழட்டிப் போட்டுட்டுப் போன நாலு பெரிய டயர் கிடக்குது. ஆனா பாதி தேஞ்சது.”

“அதையே மாட்டு. உயரம் இருந்தா சரி.”

லானெட் டயர் அடுக்கை ஓங்கி ஒரு உதை விட்டாள். “தேஞ்ச டயரா? மழையில வழுக்கி அப்பா கால்வாயில கவுந்து சாகட்டும்கறியா? இல்ல, ஹாட்டியையே ஏத்திக் கொல்லட்டுமா? சைக்கிளைப் பாத்தும் உனக்கு உறைக்கலையே!”

வெர்லீனின் முகம் சிவந்தது. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

ஹீபருக்குப் பாவமாக இருந்தது. “ஏறும்போது கால் வைக்கிற படி ஒரு ஜோடி என்கிட்ட இருக்கு. பிறந்தநாளுக்கு என் பங்கா இருக்கட்டும். சும்மாவே மாட்டித் தர்றேன்.”

“வேண்டாம்!” வெர்லீன் போட்ட சத்தத்தில் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “படி வச்ச டிரக்கைக் கண்டாலே அவருக்குப் பத்திக்கிட்டு வரும். படியில கால் வச்சு ஏறுறவன்லாம் பேசாம பஸ்ல போகட்டும்னு எதிர்வீட்டுக்காரனை எத்தனை வருஷமா கிண்டல் பண்றார்! ஊரே கேட்டிருக்கு.”

“என்கிட்டயும் சொல்லியிருக்கார்” என்று ஹீபர் சிரித்தான். “சரி, அலைன்மென்ட்டாவது பாத்துடறேன். இல்லேன்னா முன் டயர் ரெண்டும் சீக்கிரமே மொட்டையாயிடும்.”

“அதுவும் வேண்டாம். மொட்டையானா ஆகட்டும்.”

இதற்கு மேல் லானெட்டால் தாங்க முடியவில்லை. வெளியே போய்த் தன் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். பெற்ற தாயை அவள் அப்படி வெறுத்ததே இல்லை. பின் சீட்டில் ஹாட்டியின் நசுங்கிய சைக்கிள் இன்னும் கிடந்தது. தூக்கிப் போட மனசு வரவில்லை.

சாயங்காலம் டிரக் வெளியே வந்தது. பெரிய டயர்களின் மேல், நாலு தெருவுக்குத் தெரிகிற மாதிரி நின்றது. வெர்லீன் அதைச் சுற்றி வந்தாள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, உள்தரை தன் உடம்பில் எதுவரை வருகிறது என்று கையை வைத்துப் பார்த்தாள். இடுப்புக்கு வந்தது. தலையை ஆட்டிக்கொண்டாள்.

“இதை நீ ஓட்டிட்டு வா. நான் உன் காரை எடுத்துக்கறேன்” என்று காரிலிருந்து இறங்கி வந்த மகளிடம் சாவியை நீட்டினாள்.

லானெட் பிடுங்காத குறையாக வாங்கினாள். அதே வேகத்தில் ஏறப் போனவளின் கால் வழுக்கி முழங்கால் விளிம்பில் இடித்தது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பற்றி, உடம்பை இழுத்து, எப்படியோ சீட்டில் போய் விழுந்தாள். மூச்சு வாங்கியது.

“கல்லு மாதிரி இருக்கற எனக்கே இந்தப் பாடு” என்று மேலிருந்து சீறினாள். “அந்தக் காலை வச்சுக்கிட்டு அப்பா இதுல எப்படிம்மா ஏறுவார்?”

கீழே வெர்லீன் காரின் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏற மாட்டார்.”