மேட்டுப் பூவரசு

மதகுச் சக்கரத்தின் மேல் சன்னாசியின் இரண்டு கைகளும் இருந்தன. திருகத்தான் மனசு வரவில்லை.

"திருகு லா, சன்னாசி. கடலு ஏறி நிக்குதில்ல?" என்றான் பின்னால் நின்ற உடையப்பன். அவன் குரலிலும் தெம்பில்லை.

கரைக்கு வெளியே கடல் ஏறித்தான் நின்றது. கரைக்கு உள்ளே, கோரை மண்டிய தாழ்வான நிலம் வெயிலில் காய்ந்து கிடந்தது. ஒரு காலத்தில் அது உப்பங்கழியாம். தோட்டத்துக்காகக் கரை போட்டுக் கடலைத் தடுத்ததும் வற்றிப்போனது. மறுபடியும் கடல்நீரை விட்டால் போன உள்ளான்களும் நாரைகளும் திரும்பி வரும் என்று கோலாலம்பூர் பறவைச் சங்கத்து அம்மாள் சொல்லியிருந்தார்.

அந்த அம்மாளைக் குறை சொல்ல முடியாது. நல்ல மனுஷி. ஊர் மக்களைக் கேட்காமல் ஒரு புல்லைக்கூட அசைக்க மாட்டேன் என்று போன மாதம் தோட்டத்துக் கொட்டகையில் கூட்டம் போட்டுக் கேட்டார். சும்மா கிடக்கிற நிலம்தானே, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்றார்.

ஆண்கள் அத்தனை பேர் வாயிலும் கொழுக்கட்டை.

சும்மா கிடக்கிற நிலமா அது? பேர் வைக்கும் முன்பே போய்விட்ட குழந்தைகளை அங்கேதான் புதைத்தார்கள். பெரியவர்கள் செத்தால் சுடுகாடு உண்டு, சங்கு உண்டு, பதினாறாம் நாள் காரியம் உண்டு. பச்சைக் குழந்தைக்கு அதெல்லாம் கிடையாது. தகப்பன் துணியில் சுற்றித் தூக்கிப் போவான். துணைக்கு ஒருவன் மண்வெட்டியோடு போவான். கல் நடுவதில்லை. பெண்கள் அந்தப் பக்கம் வருவதில்லை, எந்த இடம் என்று கேட்பதும் இல்லை. வழக்கம் அப்படி.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் ஒன்றையாவது அப்படிக் கொடுக்காத வீடு குறைவு.

தோட்டத்து நிலத்தில் யாரைக் கேட்டுப் புதைத்தீர்கள் என்று கேள்வி வந்துவிட்டால்? கூட்டத்தில் முன்வரிசையில் மானேஜரும் கணக்கெழுதும் கிராணியும் உட்கார்ந்திருந்தார்கள். உடையப்பன் சொல்வான் என்று சன்னாசி காத்திருந்தான். சன்னாசி சொல்வான் என்று உடையப்பன் காத்திருந்தான். கடைசியில் பின்வரிசையிலிருந்த சேது சம்மதம் என்று கையைத் தூக்கினான். பிறகு எல்லாக் கைகளும் மேலே போயின.

அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒத்துழைக்கிற ஊரைத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

இனி இதைக் காப்பாற்றப் போகிறவர்கள் நீங்கள்தான், அதனால் திறப்புக்குக் குடும்பத்தோடு வரவேண்டும், பெண்கள் கட்டாயம் வரவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். இன்று தோட்டத்து லோரி லயத்துப் பெண்களை ஏற்றி வந்து கரையில் இறக்கியது. பிள்ளைகளுக்குக் குடிக்க மைலோ. எல்லோருக்கும் புக்கிட் ரோத்தான் கடையிலிருந்து மீகூன் சேமியாப் பொட்டலம். ஆண்களுக்குக் கொக்குப் படம் போட்ட மஞ்சள் பனியன். கொக்குக்குக் கீழே 1987.

சன்னாசி தோட்டத்து மதகுக்காரன். வேறு யார் திருகுவது?

திருகினான்.

கடல் பழுப்பு நுரையோடு உள்ளே வந்தது. கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். தண்ணீர் பள்ளங்களை நிரப்பிவிட்டுக் கோரைக்குள் ஏறியது. நிலத்தின் நடுவே உடைந்த சிமெண்டுக் குழாய் ஒன்று கிடந்தது. சன்னாசி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன் பக்கத்தில்தான் அவன் தன் பிள்ளைக்குக் குழி வெட்டினான்.

சக்கரத்தைத் திருப்பி மூடிவிடலாம். எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் என்ன சொல்லி மூடுவது? அவனுக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது. கொக்குப் படம் போட்ட பனியனில் நின்றுகொண்டு எப்படி அழுவது?

அம்சவள்ளி பக்கத்தில் வந்து நின்றாள். அவனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் இந்தக் கரையில் கால் வைத்தது இன்றுதான். முந்தானைக்குள் ஒரு சின்ன சீசாவை மறைத்து வைத்திருந்தாள். உள்ளே பால்.

"ஏங்க, நம்ம புள்ளய எந்த எடத்துல வச்சீங்க?"

ஒருநாளும் கேட்காதவள்.

குழாயின் வாய்க்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருந்தது.

அவன் கையைத் தூக்கினான். நிலத்தின் கோடியில் ஒரு சின்ன மேடு, அதில் ஒற்றைப் பூவரசு. தண்ணீர் அங்கே ஏறாது. அதைக் காட்டினான்.

அம்சவள்ளியின் முகம் தெளிந்தது. மரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். சன்னாசிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பொய்தான். அவள் நிம்மதியாக இருக்கட்டும்.

பிறகுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான்.

நல்லம்மாள் தன் புருஷன் உடையப்பனிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். உடையப்பன் கையை நீட்டினான். அவனுக்கு அப்பால் சேதுவும் தன் மனைவிக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்தான். கரை நெடுக மஞ்சள் பனியன்கள் கை நீட்டி நின்றன. அத்தனை கைகளும் அந்த ஒரே பூவரசைக் காட்டின. யாரும் யாரோடும் பேசிவைத்துக்கொள்ளவில்லை.

ஓர் ஆட்டைக் கட்டினால் இன்னோர் ஆட்டுக்கு இடமில்லாத மேடு அது.

ஊரே ஒரு திசையில் கை காட்டுவதைக் கண்ட சங்கத்து அம்மாள், முதல் பறவை வந்துவிட்டது என்று நினைத்துக் கேமராவோடு ஓடி வந்தார்.

அம்சவள்ளி ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். நல்லம்மாளைப் பார்த்தாள். பிறகு அவள் மரத்தின் பக்கமே திரும்பவில்லை.

கரையோரம் குந்தி, சீசாவின் மூடியைத் திறந்து, பாலைத் தண்ணீரில் ஊற்றினாள்.