கோட்டு மேல நடங்க

"வண்டியை ஓரம் கட்டுங்க."

கை நீட்டியது ஒரு பெண் போலீஸ். முன்னால் போன வண்டி எதையும் அவள் கண்டுகொள்ளவில்லை. எங்கள் ஆபீஸ் வேன் வந்ததும் மறித்துவிட்டாள். ஒரு மாதமாக இதே கூத்துதான்.

டிரைவர் இறங்கினார். வயதானவர், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாத மனுஷன்.

"ஊதுங்க."

ஊதினார். மெஷினில் பூஜ்யம்.

"சரி, அந்தக் கோட்டு மேல நடங்க."

வேனுக்குள் 'சட்டம்' பொங்கிவிட்டார். கணக்குப் பிரிவில் வேலை. எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவார் என்பதால் நாங்கள் வைத்த பெயர் அது.

"குடிக்கலைன்னு மெஷினே சொல்லுது. அப்புறம் எதுக்கு நடை? பெரிய மனுஷனை நடுத்தெருவுல வெச்சு வித்தை காட்டுறா."

சாலையோர வெள்ளைக் கோட்டில் டிரைவர் அடிமேல் அடி வைத்து நடந்தார். வலது கால் லேசாக இழுத்தது. அவள் அந்தக் காலையே முறைத்துப் பார்த்தாள்.

"திரும்பி வாங்க. மெதுவா. இப்ப ஒத்தைக் கால்ல நில்லுங்க... போதும், போதும். கிளம்புங்க."

வேன் நகர்ந்ததும் சட்டம் போனை எடுத்தார். "பொறுத்தது போதும். மேலதிகாரிகிட்ட புகார் சொல்லி, இவளை இந்த இடத்தை விட்டே தூக்க வைக்கிறேன்."

டிரைவர் சட்டென்று வண்டியை ஓரமாக நிறுத்தினார். "வேண்டாம் சார், உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன். அவளை வேற எங்கயாவது மாத்திட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"நிம்மதியா வண்டி ஓட்டுவீங்க. ஏன்யா இப்படிப் பயந்து சாகறீங்க?"

"பயமா? பின்னாடி ரோட்டுல போனா அவ கண்ணுலயே பட மாட்டேன். நான்தான் வேணும்னு இந்த வழியா வர்றேன். அவ என் பொண்ணு சார்."

நாங்கள் எல்லோரும் பின்கண்ணாடி வழியே அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

"நான் குடிச்சுக் குடிச்சே குடும்பத்தைக் கெடுத்தவன். இப்ப அடியோட விட்டுட்டேன். ஆனாலும் அவ என்கூடப் பேசுறதில்ல."

"அதுக்காக இப்படியா பழி வாங்கணும்?" சட்டத்தின் குரல் இறங்கியிருந்தது.

டிரைவர் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"போன மாசம் நான் மாடிப்படியில விழுந்தது எப்படியோ அவ காதுக்குப் போயிருக்கு. வலி எப்படியிருக்குன்னு வாய்விட்டுக் கேக்க ரோஷம் விடல. அதான் சார், நடக்கவிட்டுப் பார்த்துக்கறா."