புது மெஷின் யாருக்கு?

செல்போன் டார்ச்சை வாயில் கவ்வியபடி பூங்குழலியின் மேசைக்கடியில் மண்டிபோட்டிருந்தான் மகேந்திரன். கையில், அப்போதுதான் பிடுங்கிய ஒயர்.

"ஏனு சார், அந்தம்மா மேசையில என்ன தேடுறீங்க?" பெருக்க வந்த லிங்கம்மா துடைப்பத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

சட்டென்று செல்போனைக் கையில் எடுத்தான். "பேனா விழுந்துடுச்சு லிங்கம்மா. நீங்க வராந்தாவை முடிச்சுட்டு வாங்க."

அவர் நகர்ந்ததும்தான் மூச்சு வந்தது. சனிக்கிழமை ஊருக்குப் போன பூங்குழலி இனிமேல்தான் கொள்ளேகால் பஸ்ஸில் மைசூர் வந்து இறங்க வேண்டும். அதற்குள் வேலை முடிய வேண்டும்.

வேலை இதுதான். அந்த ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறைக்கு இந்த வருடம் ஒரே ஒரு புது மெஷின் வந்தது. பழையதைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்த அதே கடைக்காரர், இதையும் அதே மாதிரி கறுப்புப் பெட்டியில்தான் பூட்டிக் கொடுத்தார். வெளியே ஒரு வித்தியாசமும் கிடையாது, சரக்கெல்லாம் உள்ளே. பழையது ராத்திரி வரை முக்குகிற கணக்கை இது மத்தியானத்துக்குள் போட்டுவிடும்.

அதை அறைப் பொறுப்பாளர் ரூபா மேடம் யாருக்குக் கொடுத்தார்? நாலு வருடமாக அங்கே குப்பை கொட்டும் மகேந்திரனுக்கா? நேற்று வந்து சேர்ந்த பூங்குழலிக்கு!

அன்றிலிருந்து அவனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. அவள் சிரித்தால் எரிந்தது. "டீ குடிக்க வரீங்ளாண்ணா?" என்று கூப்பிட்டால் இன்னும் எரிந்தது. புது மெஷின்காரிக்கு டீ குடிக்க நேரம் இருக்கும், ஏன் இருக்காது!

இன்று சாயங்காலம் நாலு மணி கெடு. ஜப்பான் மாநாட்டுக்கு நிலையத்திலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அதற்குள் முடிவுகளை யார் முழுசாகக் கொடுக்கிறார்களோ, அவர் பெயர்தான் போகும். கடைசி டேட்டா இருவர் கைக்கும் வந்ததே சனிக்கிழமைதான். ஞாயிற்றுக்கிழமை அறை பூட்டு. மகேந்திரனுக்கோ இது கடைசி வருடம், இதை விட்டால் அவ்வளவுதான்.

அவள் மேசைக்கடியிலிருந்த பெட்டியை வெளியே இழுத்தான். மேலெல்லாம் திட்டுத்திட்டாகத் தூசி. "புது மெஷினை வெச்சுக்கிற லட்சணத்தைப் பாரு!" என்று பல்லைக் கடித்தான். தன் மேசைக்கடியிலிருந்ததை இழுத்தால், அது பளிச்சென்று இருந்தது. அருமை தெரிந்தவன் கையில் இருந்தால் பழசுகூட எப்படி இருக்கிறது! அவனுக்குத் தன்மேலேயே பெருமையாகிவிட்டது.

இரண்டையும் இடம் மாற்றி ஒயர்களைச் சொருகினான். மாட்டிக்கொள்ளும் பயமில்லை. எல்லோருடைய ஃபைல்களும் கீழ்த்தளத்து சர்வரில்தான் இருக்கும். எந்தப் பெட்டியில் உட்கார்ந்து பாஸ்வேர்டைப் போட்டாலும் அவரவருடையது வந்துவிடும்.

அவன் கணக்கை ஓடவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தபோது பூங்குழலி பையும் கையுமாக உள்ளே வந்தாள்.

"அம்மா எள்ளுருண்டை குடுத்துவுட்டிருக்குது. எடுத்துக்கங்ண்ணா."

"பசியில்ல."

"உங்களுது இன்னைக்கு ஜம்முனு முடிஞ்சிரும் பாருங்க!" என்று சிரித்துவிட்டுத் தன் மேசைக்குப் போனாள்.

நக்கல்! இருக்கட்டும், மத்தியானம் தெரியும் என்று அவன் உள்ளுக்குள் கறுவிக்கொண்டான்.

மத்தியானம் ஆனது. அவன் கணக்கு கால்வாசிகூட நகரவில்லை. சர்வரைத் திட்டினான், கரண்ட்டைத் திட்டினான். புது மெஷினும் அவளுக்குத்தான் வளைந்து கொடுக்கும்போல என்று அந்தப் பெட்டியையே காலால் ஓர் இடி இடித்தான்.

சரியாக நாலு மணிக்கு ரூபா மேடம் வந்து நின்றார்.

"ஆயிதா, மகேந்திரன்? முடிஞ்சுதா?"

"இன்னும் கொஞ்சம்தான் மேடம்... ராத்திரிக்குள்ள..."

"ராத்திரி வரைக்கும் நான் என்ன பண்றது? பூங்குழலி, உன்னோடது?"

"முடிஞ்சிருச்சுங் மேடம். ஆனா அண்ணனுதும் வந்துட்டா..."

"அதெல்லாம் பார்க்க முடியாது. பென்டிரைவைக் கொடு. உன் பேரையே அனுப்பிடறேன்." வாங்கிக்கொண்டு அவர் போயே விட்டார்.

மகேந்திரனுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நாற்காலியைத் தள்ளிவிட்டு அவளிடம் போனான்.

"எப்படி? உன்னோடது மட்டும் எப்படி முடிஞ்சுது?"

"அதான் எனக்கும் ஒண்ணும் புரியலீங்ண்ணா. பழைய மெஷின் எங்காச்சும் இந்த ஓட்டம் ஓடுமா?"

அவன் குனிந்து அவள் மேசைக்கடியைப் பார்த்தான். மாற்றியதைப் பார்த்துவிட்டாளா? "உன்கிட்ட இருக்கிறது பழசுன்னு... உனக்கு யார் சொன்னா?"

பூங்குழலிக்குக் கண் கலங்கிவிட்டது. "கடைசி வருசம், நீங்கதான் போகோணும்னு நெனச்சேன். சொன்னா வேண்டாம்பீங்கன்னுதான் சொல்லுல."

"என்ன சொல்லல?"

"சனிக்கிழமையே புதுசத் தொடச்சு உங்க மேசைக்கு மாத்திட்டுத்தானுங்ண்ணா ஊருக்கே போனேன்!"